ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றுவது: கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. மூன்றாவது மாடிக்காரரின் பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. அவர் பானெட்டைத் திறந்ததுதான் தாமதம், ஆளாளுக்குக் கூடிவிட்டோம். "பிளக்காத்தான் இருக்கும் சார், 20,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்திடணும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப வர்ற பிளக் 1 லட்சம் ஓடும்" என்றார் இன்னொருவர். கீழ்வீட்டுத் தம்பி, "எதுக்குண்ணா மாத்தணும், கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினா போதுமே" என்றான். கடைசியாக வந்தவர், தன்னுடையது டீசல் வண்டி, அதற்குப் பிளக் எப்போது மாற்றலாம் என்று கேட்டார்.

டீசல்காரருக்குப் பதில் சுலபம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற என்ஜின் அது. அதில் இருக்கும் குளோ பிளக் என்பது குளிர்ந்த என்ஜின் கிளம்ப உதவுகிற ஒரு குட்டி ஹீட்டர், வேறு சாமான். மற்ற மூன்று பேர் சொன்னதோ ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வண்டிக்குச் சரிதான். சிக்கல் என்னவென்றால், எந்த வண்டிக்கு எது சரி என்பதை யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்தக் குட்டிச் சாமான் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அடுப்படியில் ஆரம்பிப்போம்

காஸ் லைட்டரைக் கையில் எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு முனையைப் பார்த்தபடி ஒரு முறை அழுத்துங்கள். குழாயின் நடுவில் இருக்கும் கம்பியிலிருந்து குழாயின் விளிம்புக்கு நீலமாக ஒரு பொறி தாவும். அவ்வளவுதான் அதன் வேலை. புது லைட்டர் என்றால் ஒரே 'டக்'கில் அடுப்பு பற்றிக்கொள்ளும். பழசானால் டக், டக், டக் என்று மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் காஸ் சேர்ந்துவிடுவதால் 'பொப்' என்று சத்தத்தோடு பற்றும், அம்மா உள்ளேயிருந்து திட்டுவார்.

பெட்ரோல் என்ஜினிலும் இதே கதைதான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்கி அழுத்துகிறது. சரியான நொடியில் ஒரு பொறி விழ வேண்டும். விழுந்தால் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும், வண்டி நகரும். அந்தப் பொறியைத் தருவதுதான் ஸ்பார்க் பிளக். பார்ப்பதற்குச் சுண்டுவிரல் நீளம், வெள்ளைப் பீங்கான் உடம்பு, கீழே மரை போட்ட உலோகம். அதன் அடிநுனியில் நடுவில் ஒரு முனை, அதன் தலைக்கு மேல் கொக்கிபோல் வளைந்து நிற்கும் இன்னொரு முனை. இந்த முனைகளுக்குத்தான் எலக்ட்ரோடு என்று பெயர். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து 'கேப்'. பெரும்பாலான கார்களில் அது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர். ஒரு ஏடிஎம் கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் என்பதை வைத்து அளவை ஊகித்துக்கொள்ளுங்கள்.

காரின் பேட்டரி 12 வோல்ட். அதை வைத்து இந்தச் சந்தைத் தாண்டவே முடியாது. அந்த 12 வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் என்று ஏற்றிப் பிளக்கிடம் கொடுக்கிற கருவிக்கு இக்னிஷன் காயில் என்று பெயர். இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொப்பிபோல் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு சின்னத் தகவல். என்ஜினில் மின்பொறியை வைத்து எரிபொருளைப் பற்றவைப்பது 1860-ல் பிரான்சில் லெனுவார் செய்த என்ஜினிலேயே இருந்தது. ஆனால் உயர் மின்னழுத்தமும் பிளக்கும் சேர்ந்த, நம்பி ஓட்டக்கூடிய அமைப்பு 1902-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951-ல் தொடங்கியதுதான் ஆடுகோடியில் ஆலை வைத்திருந்த மைக்கோ. நம் அப்பாக்கள் கடையில் 'மைக்கோ பிளக் குடுப்பா' என்று கேட்டது அதைத்தான். 2008-ல் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. பஸ்ஸில் 'மைக்கோ லேஅவுட்' என்று கேட்டு இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ.

வாய்க்காலைத் தாண்டுகிற கதை

பிளக்கின் அந்தக் கேப்பைத் தாண்டுவது ஒரு வாய்க்காலைத் தாண்டுவது மாதிரி. இரண்டடி வாய்க்காலை நின்ற இடத்திலிருந்தே தாண்டலாம். நாலடி என்றால் நாலு எட்டு ஓடிவந்து தாண்ட வேண்டும். மின்சாரத்துக்கு அந்த ஓட்டம்தான் வோல்ட். கேப் அகலமானால் காயில் கூடுதல் வோல்ட் தர வேண்டியிருக்கும். ஓரளவுக்கு மேல் அதனால் தர முடியாது, அப்போது பொறி விழாது.

இன்னொன்றும் உண்டு. வெறும் வெளியில் தாண்டுவது வேறு, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டத்துக்குள் தாண்டுவது வேறு. என்ஜினுக்குள் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த நெரிசலைப் பிளந்துகொண்டு பொறி போக வேண்டும். சில கடைகளில் பிளக்கைக் கழற்றி, என்ஜின் உடம்பில் சாய்த்து வைத்து, செல்ஃப் அடித்து, "பாருங்க சார், ஸ்பார்க் நல்லா வருது, பிளக்ல ஒண்ணுமில்ல" என்று காட்டுவார்கள். வெளியே வருகிற பொறி உள்ளேயும் வரும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. அதனால்தான் தேய்ந்த பிளக் சமதளத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், கே.ஆர். புரம் தொங்கு பாலத்தில் ஏசி போட்டு நாலு பேரோடு ஏறும்போது குத்தும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே நெரிசல் கூடுகிறது.

சரி, கேப் ஏன் அகலமாகிறது? ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைக் கொத்திக்கொண்டு போகிறது. இதோடு முனையின் கூரான விளிம்பும் மழுங்குகிறது. மின்சாரம் கூரான இடத்திலிருந்து சுலபமாகத் தாவும், உருண்டு மழுங்கிய இடத்திலிருந்து தாவச் சிரமப்படும். ஆக, தேய்ந்த பிளக்குக்கு இரட்டை அடி: தாண்ட வேண்டிய தூரமும் கூடுகிறது, கிளம்புகிற இடமும் கெடுகிறது.

அம்மி தேய்வது இப்படித்தான். அரைக்க அரைக்கக் கல் வழுவழுப்பாகிவிடும், தெருவில் 'அம்மி கொத்தலையோ' என்று குரல் வரும்போது கொத்தித் தர வேண்டியிருக்கும். அம்மி வாங்கி எத்தனை வருஷம் என்று பார்த்து யாரும் கொத்தியதில்லை. கல்யாண வீட்டு அம்மி ஆறு மாதத்தில் தேயும், தனியாள் வீட்டு அம்மி பத்து வருஷம் அப்படியே கிடக்கும். பிளக்கிலும் எத்தனை பொறி விழுந்தது என்பதுதான் தேய்மானம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பிளக் என்பது நெரிசலான கலவைக்குள் ஒரு சின்னச் சந்தைத் தாண்டிப் பொறி விடுகிற சாமான். ஒவ்வொரு பொறிக்கும் அது கொஞ்சம் தேய்கிறது. தேயத் தேயக் காயிலுக்கு வேலை கூடுகிறது, கடைசியில் பொறி தவறத் தொடங்குகிறது.

மீட்டர் எண்ணுவது சக்கரத்தை, பொறியை அல்ல

காரில் இருக்கும் ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. பிளக்கோ என்ஜின் சுற்றுவதற்குத் தக்கபடி பொறி விடுகிறது. என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒரு பொறி. இந்த இரண்டு கணக்கும் ஒன்றல்ல என்பதுதான் பிளக் பற்றிய பேச்சில் எப்போதும் விட்டுப்போகிற விஷயம்.

வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று. அதாவது 400 பொறி, ஒரு மணி நேரத்துக்கு 24,000. சில்க் போர்டு சிக்னலில் நீங்கள் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த இருபது நிமிடத்தில் ஒவ்வொரு பிளக்கும் 8,000 முறை பொறி விட்டிருக்கும். மீட்டரில் ஏறியது சுழியம்.

இரண்டு கார்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று ஒயிட்ஃபீல்டுக்கு ஆபீஸ் போய்வருகிற கார். நின்று நின்று போவதையெல்லாம் சேர்த்தால் சராசரி வேகம் 20 கிலோமீட்டர், என்ஜின் சராசரியாக 1,400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 700 பொறி, மணிக்கு 42,000. அதை 20 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு 2,100 பொறி. இன்னொன்று வாராவாரம் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை போய்வருகிற கார். சராசரி 65 கிலோமீட்டர் வேகம், 2,200 சுற்று. மணிக்கு 66,000 பொறி, கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம். இரண்டு காரும் 40,000 கிலோமீட்டர் ஓடியபின், நகரத்து காரின் பிளக் 8 கோடிக்கு மேல் பொறி விட்டிருக்கும், நெடுஞ்சாலைக் காரின் பிளக் 4 கோடி. மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான்!

இது தோராயக் கணக்குதான். நெடுஞ்சாலையில் என்ஜின் அழுத்தம் கூட, அதனால் அங்கே ஒவ்வொரு பொறியின் தேய்மானமும் கொஞ்சம் கூடலாம். சிக்னலில் தானாக அணைந்துகொள்கிற கார்களுக்குக் கணக்கு குறையும். ஆனாலும் பெங்களூரில் ஓடுகிற கார் தன் மீட்டர் காட்டுவதைவிட வயதானது என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. கார்க் கம்பெனிகளுக்கும் இது தெரியும். காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் இரண்டாக இருக்கும்: சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடுமையான பயன்பாட்டுக்கு ஒன்று. அந்தக் 'கடுமையான' என்ற சொல்லைப் பார்த்ததும் மலைச்சாலை, பாலைவனம் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். கீழே பொடி எழுத்தில் படித்துப் பாருங்கள். நின்று நின்று போகிற போக்குவரத்து, நீண்ட நேரம் ஐடிலில் ஓடுவது, குறைந்த தூரப் பயணம் என்று நம் அன்றாடத்தையே எழுதி வைத்திருப்பார்கள்.

நிக்கலா, இரிடியமா

20,000-க்கும் 1 லட்சத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதற்குக் காரணம் முனையின் உலோகம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பிளக்கும் ஒரே சாடை. முனையைப் பார்த்தால்தான் தெரியும்.

சாதாரணப் பிளக்கின் முனை நிக்கல் கலவை, பென்சில் குச்சிபோல் தடிமனாக இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். சிலர் இதைச் 'செம்புப் பிளக்' என்பார்கள். செம்பு உள்ளே சூட்டைக் கடத்தத்தான் இருக்கிறது, பொறி விழுவது நிக்கலில்தான். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. உருகுநிலை உயர்ந்த, கடினமான உலோகம் பொறி அடித்தாலும் சீக்கிரம் கரையாது. அதனால் முனையை ஊசிபோல் மெல்லிசாக, 0.4 முதல் 0.6 மில்லிமீட்டருக்கே செய்ய முடிகிறது. முனை கூராக இருப்பதால் பொறியும் சுலபமாகத் தாவுகிறது.

பொதுவாக நிக்கல் பிளக்குக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், பிளாட்டினம், இரிடியத்துக்கு 80,000 முதல் 1,00,000 வரை என்று மேனுவல்கள் சொல்கின்றன. காற்றைக் கூடுதலாகத் திணிக்கிற டர்போ வைத்த பெட்ரோல் என்ஜினில் உள்ளே நெரிசல் அதிகம், கெடு முன்னதாகவே வரும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளுக்கும் அப்படியே. பெங்களூர் ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பிளக் பற்றி நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காஸ் கலவையில் பொறி தாவக் கூடுதல் வோல்ட் வேண்டும், ஆகவே பெட்ரோலில் சமாளித்துக்கொண்டிருந்த தேய்ந்த பிளக் காஸுக்கு மாற்றியதும் மாட்டிக்கொள்ளும்.

"இரிடியம் போட்டா மைலேஜ் ஏறும், பிக்கப் பிச்சுக்கும்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. லைட்டர் வெள்ளியில் செய்தது என்பதற்காகப் பால் சீக்கிரம் பொங்காது. நல்ல நிக்கல் பிளக்கும் நல்ல இரிடியம் பிளக்கும் கலவையைப் பற்றவைத்துவிட்டால் எரிவது அதே பெட்ரோல்தான். மாற்றியதும் வண்டி பறக்கிற மாதிரி தோன்றுவது பழைய பிளக் தேய்ந்திருந்ததால். அந்த இடத்தில் புது நிக்கல் போட்டிருந்தாலும் அதே மாதிரிதான் தோன்றியிருக்கும். இரிடியத்துக்குக் கொடுக்கிற காசு ஆயுளுக்குக் கொடுக்கிற காசு. அதிலும் ஒரு கண்ணி உண்டு: சில இரிடியம் பிளக்குகளில் நடு முனை மட்டும்தான் இரிடியம், கொக்கி முனை சாதாரண நிக்கல். அது 1 லட்சம் தாங்காது. கம்பெனியிலிருந்து வந்த பிளக்கின் எண் எதுவோ அதே எண்ணுள்ள பிளக்கை வாங்குவது இந்தக் குழப்பத்துக்கு நல்ல மருந்து.

உப்புத்தாள் கதைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். என் அப்பாவின் ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு உபரிப் பிளக்கும், நாலாக மடித்த உப்புத்தாளும், பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். காலையில் வண்டியைச் சாய்த்துக் கிக்கர் உதைத்தும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றித் தேய்ப்பார். அது பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற டூ ஸ்ட்ரோக் வண்டி, கரி பிடிப்பதுதான் அதன் நோய், தேய்த்தால் சரியாகிவிடும். இன்றைய கார்ப் பிளக்கின் நோய் தேய்மானம். தேய்ந்ததை மேலும் தேய்த்து என்ன பிரயோஜனம்? இரிடியம் முனையில் உப்புத்தாளோ கம்பிப் பிரஷ்ஷோ பட்டால் அந்த ஊசிமுனையே போய்விடும்.

ஆக, 'எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. உள்ளே இருப்பது எந்த உலோகம்? வண்டி ஓடுவது நகரத்திலா, நெடுஞ்சாலையிலா?

பால் வாங்கப் போகிற கார்

தேய்மானம் போக இன்னொரு கெடுதல் கரி. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடானால், தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ளும். 800-ஐத் தாண்டிச் சூடானால் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மாதிரித்தான் ஒவ்வொரு என்ஜினுக்கும் பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பிள்ளையைப் பள்ளியில் விட ஒன்றரை கிலோமீட்டர், திரும்பி வரும் வழியில் காய்கறி என்று ஓடுகிற காரில் முனை அந்த 450-ஐ எட்டுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். போதாததற்கு, குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் போகிறது. கரி மேல் கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே மின்சாரம் சந்தைத் தாண்டாமல் பீங்கான் மேலிருக்கும் கரி வழியாகச் சுலபமாக நழுவிவிடும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓசூர் ரோட்டிலோ விமான நிலைய ரோட்டிலோ தடையில்லாமல் ஓட்டினால் இந்தக் கரியில் பெரும்பங்கு எரிந்துவிடும். காசு கொடுத்து வாங்குகிற எந்தக் 'கிளீனர்' பாட்டிலையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

வண்டி என்ன சொல்கிறது

பொறி விழாமலோ பலவீனமாக விழுந்தோ ஒரு சிலிண்டரில் கலவை எரியாமல் போவதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். நம்மூர் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். நாலு பேர் தூக்குகிற பல்லக்கில் ஒருவர் அவ்வப்போது தோள் கொடுக்காமல் விட்டால் எப்படியோ, அப்படி வண்டி குலுங்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், மேட்டில் இழுவை குறைவு, காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தடிப்பது, மைலேஜ் இறங்குவது இதெல்லாம் அறிகுறிகள்.

ஆனால் இவை ஒன்றுமே பிளக்குக்கு மட்டும் சொந்தமல்ல. மைலேஜ் குறைய டயரில் காற்று குறைந்தாலே போதும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் மைலேஜைக் கொஞ்சம் கடித்துக்கொள்ளும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மிஸ்ஸிங்கே இருந்தாலும் குற்றவாளி பிளக்குக்குப் பதிலாக அதன் தலையில் இருக்கும் காயிலாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: காரின் கணினியைப் படிக்கிற ஸ்கேனர் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று காட்டினால், அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். குறை மூன்றாவதுக்கு இடம் மாறினால் காயில், இரண்டாவதிலேயே நின்றால் பிளக்கையோ வேறொன்றையோ பார்க்க வேண்டும். இதைச் செய்யாமலே நாலு காயிலையும் மாற்றச் சொல்கிற இடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு அறிகுறியில் மட்டும் அலட்சியம் கூடாது. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால், கடுமையான மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று தேன்கூடு மாதிரி ஒரு பாகம் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம் பூசியது, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். சில நூறு ரூபாய்ப் பிளக்கைத் தள்ளிப்போட்டு பல ஆயிரத்துக்கு வேட்டு வைத்துக்கொள்வது இப்படித்தான். அந்த விளக்கு மினுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு, பக்கத்தில் ஓரங்கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கள் மூன்றாவது மாடிக்காரர் விஷயத்துக்கு வந்தால், மேனுவலைப் புரட்டியதில் அவர் காரில் இருப்பது இரிடியம், கெடு 1 லட்சம் என்று தெரிந்தது. மீட்டரில் 52,000. சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் முனகியதைப் பஞ்சாயத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. நாலு வருஷப் பேட்டரி. புதுசு போட்டதும் ஒரே சாவியில் கிளம்பிவிட்டது. பொறி பலவீனம் என்றால் செல்ஃப் வேகமாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பேட்டரி பலவீனம் என்றால் செல்ஃபே சோம்பலாகச் சுற்றும். காது கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

கழற்றிப் பார்த்தபோது

என்னுடையது ஒன்பது வருஷத்துப் பழைய கார், நாலு சிலிண்டர், நிக்கல் பிளக். 46,000 கிலோமீட்டரில் கழற்றினேன். மேனுவலின் சாதாரணக் கெடு 40,000. பக்கத்தில் புதுப் பிளக்கை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. புதியதன் நடு முனை சுத்தியலால் தட்டையாக அடித்த ஆணித் தலைபோல் விளிம்பு கூராக இருந்தது. பழையது குழந்தை சப்பிய மிட்டாய்போல் உருண்டிருந்தது. கொக்கி முனையின் உட்பக்கத்தில் பொறி தாவித் தாவி ஒரு குழி. விசிறிபோல் விரியும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை விட்டு அளந்தேன். 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கேப், 1.3-க்கு வந்திருந்தது. வண்டியோ அதுவரை பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தேய்மானம் மெல்ல வருவதால் நமக்கும் மெல்லப் பழகிவிடுகிறது.

நிறமும் ஒன்று சொல்லும். காப்பித்தூளில் பால் சேர்த்த மாதிரி வெளிர் பழுப்பு என்றால் என்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கருங்கரி என்றால் குட்டிப் பயணங்களோ, பெட்ரோல் கூடுதலாகப் போவதோ காரணம். ஈரமாக, ஆயில் பிசுக்கோடு கறுத்திருந்தால் என்ஜினுக்குள் ஆயில் கசிகிறது, பிளக் மாற்றி அது தீராது. பீங்கான் வெளுத்துப் பொரிந்திருந்தால் அதிகச் சூடு. இன்னொரு கறை உண்டு: மேலே, வெள்ளைப் பீங்கான் உலோகத்துக்குள் நுழைகிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம். அதைக் காட்டி "காஸ் லீக் ஆகுது சார்" என்பார்கள். பெரும்பாலும் அது உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றிலிருக்கும் ஆயில் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை மட்டுமே. அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மாற்றப்போனால்

வாங்குவதற்கு ஜே.சி. ரோடு இருக்கிறது, ஆனால் போலிகளும் உண்டு. பெட்டியில்லாமல் தாளில் சுற்றித் தருவதை, பாதி விலைக்குத் தருவதை நான் தொடுவதில்லை. இரிடியத்தில்தான் போலி லாபகரம், கவனமும் அங்கேதான் வேண்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். என்ஜின் தலை அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். காயிலை எடுத்ததும் அந்தக் குழிக்குள் தேங்கியிருக்கும் தூசியை ஊதிவிடாமல் பிளக்கைத் திருகினால், தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும். புதியதை முதலில் கையாலேயே, ஸ்பேனர் இல்லாமல், கடைசிவரை திருக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது, பின்னுக்கு எடுத்து மறுபடி தொடங்குங்கள். வாஷர் வைத்த புதுப் பிளக் கையால் இறுகிய பின் ஸ்பேனரில் பொதுவாக அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் அடங்கும். சரியான அளவு பெட்டியிலேயே படமாகப் போட்டிருக்கும். 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று தொங்கி இறுக்குவதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய தப்பு.

நான் செய்தது வேறொரு தப்பு. நாலாவது பிளக் கைநழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், கீறல் ஒன்றும் தெரியவில்லை, மாட்டிவிட்டேன். மறுநாள் இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு குத்து. அல்சூரில் என் காரைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், பீங்கானில் தலைமுடி அளவு விரிசல். மின்சாரம் சந்தைத் தாண்டாமல் விரிசல் வழியாகவே வெளியே போயிருக்கிறது. "கீழ விழுந்த பிளக்கும் கீழ விழுந்த பல்பும் ஒண்ணு சார், எடுத்து வச்சுக்காதீங்க" என்று சிரித்தார்.

நீங்களே செய்யாமல் சர்வீஸில் விட்டால் பழைய பிளக்குகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் என் உறவினர் ஒருவருக்கு இரிடியம் பிளக்கை 40,000-லேயே மாற்றியதாக பில் போட்டிருந்தார்கள். பழையதைக் கேட்டதும், பில்லிலிருந்து பிளக் கணக்கே காணாமல் போய்விட்டது. வருகிற பழைய பிளக்குகளை முட்டை அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பாருங்கள். நாலும் ஒரே நிறம் என்றால் நிம்மதி. ஒன்று மட்டும் தனியாகக் கறுத்திருந்தால், மெக்கானிக்கிடம் அந்தச் சிலிண்டரிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.

என் பானெட்டின் உட்புறத்தில் இப்போது ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. அதில் மார்க்கரில் '46,000, நிக்கல்' என்று எழுதி, அதற்குக் கீழே '76,000' என்று போட்டு வைத்திருக்கிறேன். மேனுவல் 86,000 வரை போகலாம் என்கிறது. அதிலிருந்து 10,000-ஐ சில்க் போர்டுக்குக் கழித்துவிட்டேன்.